தாத்தாவின் கையில் இருப்பது எந்தத் துப்பாக்கி?

கேள்வி: என் தாத்தா, டர்பன் கார்ப்பரேஷன் வேலையாட்கள் குடியிருந்த மேகசின் பாரக்ஸ் வரிசைவீட்டுத் திண்ணையில் துப்பாக்கியோடு நிற்கும் படம் ஒன்று ஐம்பது ஆண்டுகளாக எங்கள் வீட்டுக் கூடத்தில் தொங்குகிறது. பழைய நெகட்டிவிலிருந்து அப்பா பெரிதாக்கி வாங்கிய படி அது. பக்கத்தில் ஆயாவும் (பாட்டி), ஆறு வயதுப் பிள்ளையாக அப்பாவும் (1941இல் பிறந்தவர்) நிற்கிறார்கள். காலடியில் இருக்கும் குத்துவிளக்கு இன்றும் எங்கள் பூசையறையில் எரிகிறது. போயர் போரில் (தென்னாப்பிரிக்காவில் பிரிட்டிஷாருக்கும் போயர்களுக்கும் 1899இல் மூண்டது) காந்தியடிகளோடு சேர்ந்து காயம்பட்டவர்களைச் சுமந்த கொள்ளுத்தாத்தாவுக்கு ஒரு வெள்ளைக்கார அதிகாரி பரிசாகக் கொடுத்த மார்ட்டினி-ஹென்றி துப்பாக்கி அது என்று கேட்டு வளர்ந்தோம். துப்பாக்கி இப்போது எங்களிடம் இல்லை. சென்ற மாதம் ஆயாவின் டிரங்குப் பெட்டியை ஒழித்தபோது, ஒரு புகையிலை டப்பாவுக்குள், சிவப்புக் கோடு போட்ட வெள்ளைத் துணியில் சுற்றி, சின்னச் சக்கரங்கள் வைத்த இரும்புக் கருவி ஒன்று கிடைத்தது. தாத்தா கார்ப்பரேஷன் வேலையாள். சனிக்கிழமை தோறும் 'ரேஞ்சுக்குப் போவார்' என்று ஆயா சொல்வார். அது எந்த ஊர் என்று எங்களுக்கு விளங்கவில்லை. அந்தத் துப்பாக்கி எது? இந்தக் கருவியை வீட்டில் வைத்திருப்பது குற்றமாகுமா? — சாட்ஸ்வர்த்திலிருந்து ஒரு வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

வணக்கம். முடிவை முதலில் சொல்லிவிட்டு, அதற்கு வந்த வழியைப் பிறகு விளக்குகிறேன். தாத்தா பிடித்திருப்பது மார்ட்டினி-ஹென்றி அன்று, ஆனால் மார்ட்டினிதான். இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரத்துப் பி.எஸ்.ஏ. (பர்மிங்காம் ஸ்மால் ஆர்ம்ஸ்) நிறுவனம், இலக்குச் சுடும் போட்டிகளுக்கென்றே செய்த .22 அளவுச் (குழலின் உள்விட்டம் 0.22 அங்குலம்) சிறுகுழல் துப்பாக்கி அது. 1930களில் வந்த 12/15 என்னும் வகையாகவே எனக்குப் படுகிறது. டப்பாவில் கிடைத்த கருவி அத்தகைய துப்பாக்கியில் மாட்டும் பின்குறி, அதாவது குறிபார்க்கக் கண்ணருகே வைக்கும் உறுப்பு. அதை வைத்திருப்பதில் குற்றம் எதுவும் இல்லை. ஆகவே உங்கள் வீட்டுக் கதையில் 'மார்ட்டினி' என்ற பாதி சரி, 'ஹென்றி' என்ற பாதி தவறு. போரைப் பற்றிய பகுதியைத் தனியே பேச வேண்டும்.

பழைய படத்தில் இருக்கும் துப்பாக்கியை அடையாளம் காணும்போது நான் முதலில் பார்ப்பது துப்பாக்கியை அல்ல, படத்தில் இருக்கும் மனிதர்களின் உடையை. இதை ஒரு தலைக்குனிவுக்குப் பிறகுதான் கற்றுக்கொண்டேன். பல ஆண்டுகளுக்கு முன்பு ஒரு குடும்பத்தார் கொண்டுவந்த படத்தைப் பார்த்து, இடக்கைக்காரருக்காகத் தனியே செய்த அரிய துப்பாக்கி இது என்று எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்தேன். மூன்றாம் நாள் அவர்கள் வீட்டுச் சிறு பெண், படத்தில் இருக்கும் மாமாவின் சட்டைப் பை வலப்பக்கம் இருப்பது ஏன் என்று கேட்டாள். நெகட்டிவை மறுபக்கம் திருப்பிப் போட்டு அச்சிட்டிருந்தார்கள்; கண்ணாடியில் பார்ப்பதுபோல் எல்லாமே இடம் மாறியிருந்தது. இடக்கைத் துப்பாக்கி ஒரு நொடியில் சாதாரண வலக்கைத் துப்பாக்கி ஆயிற்று.

உங்கள் படமும் அப்படித்தான் அச்சிடப்பட்டிருக்கிறது. ஆயாவின் முந்தானை வலத்தோளில் கிடக்கிறது; குஜராத்திப் பெண்கள் அப்படி உடுத்துவது உண்டு, டர்பன் தமிழ்ப் பெண்கள் இடத்தோளில்தான் போடுவார்கள். தாத்தாவின் கோட்டிலும் மேல்பை வலமார்பில் இருக்கிறது. இரண்டும் ஒரே செய்தியைச் சொல்கின்றன. பெயர்ப்பலகை, நாள்காட்டி என்று எழுத்து ஏதேனும் படத்தில் இருந்திருந்தால் அப்பாவே இதைக் கண்டுபிடித்திருப்பார்; வெறும் மரச்சுவரும் தகரக் கூரையும் மட்டும் இருப்பதால் ஐம்பது ஆண்டுகள் யார் கண்ணிலும் படவில்லை.

இது வெறும் வேடிக்கை அன்று, முடிவையே மாற்றக்கூடியது. அடிக்கட்டையைத் தரையில் ஊன்றித் துப்பாக்கியை நிமிர்த்திப் பிடித்திருக்கிறார் தாத்தா. நீங்கள் அனுப்பிய படியில் விசைவளையம் (சுட இழுக்கும் விசையைச் சுற்றிய இரும்பு வளையம்) படத்தின் வலப்புறம் நோக்கி இருப்பதால், துப்பாக்கியின் வலப்பக்கத்தைப் பார்க்கிறோம் என்றுதான் நானும் முதலில் எண்ணினேன். வலப்பக்கம் என்றால், கைப்பிடியைப் பின்னுக்கு இழுத்துத் தோட்டா ஏற்றும் போல்ட் துப்பாக்கிகளின் கைப்பிடி அங்கே துருத்திக்கொண்டிருக்க வேண்டும்; அது காணப்படவில்லை; எனவே அந்த வகைப் படைத்துப்பாக்கிகளான லீ-என்ஃபீல்டும் மௌசரும் அல்ல என்று தாளில் குறித்தும் விட்டேன். படம் இடவலம் மாறி அச்சானது என்று தெரிந்தவுடன் அந்த வாதம் சரிந்துபோயிற்று, ஏனென்றால் நாம் உண்மையில் பார்ப்பது இடப்பக்கம். போல்ட் கைப்பிடி இருந்தாலும் அது மறுபக்கத்தில் ஒளிந்திருக்கும். ஆகையால் இல்லாத ஒன்றை வைத்து அல்லாமல், இருக்கும் ஒன்றை வைத்தே முடிவுக்கு வர வேண்டியதாயிற்று.

இருப்பது ஒரு நெம்பு. விசைவளையத்தையே ஒட்டி, அதற்குப் பின்னால், கட்டையின் கழுத்தோடு சேர்ந்து இறங்கும் குட்டையான இரும்புக் கைப்பிடி அது. தாத்தாவின் விரல்கள் மேல்பகுதியை மறைத்தாலும் அதன் நுனி தெளிவாகத் தெரிகிறது. இதைக் கீழே தள்ளினால் உள்ளே இருக்கும் இரும்புக் கட்டையின் முன்முனை தாழும். தோட்டாவை ஒவ்வொன்றாகக் கையால் உள்ளே வைக்க வேண்டும். நெம்பை மேலே இழுத்தால் கட்டை எழுந்து வாயை மூடும். உள்விசையை ஏற்றுவதும் இந்த நெம்பே. வெளியே குதிரை (தோட்டாவைத் தட்டிவிடும் சுத்தி) கிடையாது, தோட்டாப் பெட்டி கிடையாது. இந்த அமைப்பைத்தான் சுவிட்சர்லாந்தில் தொழில் நடத்திய ஃபிரெட்ரிக் ஃபான் மார்ட்டினியின் பெயரால் அழைக்கிறோம். பி.எஸ்.ஏ.வின் பழைய காற்றுத் துப்பாக்கிகள் சிலவற்றிலும் கீழே நெம்பு உண்டு. வாழைத் தோட்டத்தில் குரங்கு விரட்ட நம்மவர் பலர் வைத்திருந்தது அந்த வகைதான். அதனால் அதையும் எண்ணிப் பார்த்தேன். ஆனால் அவற்றில் நெம்பு விசைக்கு முன்னால், குழலின் அடியில் நீளமாகப் படுத்திருக்கும். உங்கள் படத்தில் இருப்பது விசைக்குப் பின்னால்.

இனி, மார்ட்டினிகளுக்குள் எந்த மார்ட்டினி என்பது கேள்வி. மார்ட்டினி-ஹென்றி 1871இல் பிரிட்டிஷ் படைக்கு வந்தது. 1879இல் சூலு மக்களோடு நடந்த போரில் இசாண்ட்ல்வானாவிலும் ரோர்க்ஸ் டிரிஃப்டிலும் படைவீரர் கையில் இருந்தது அதுவே. டர்பன் இருக்கும் இந்த நேட்டால் மண்ணில் பிறந்தவர் எவரும் அந்தப் பெயரைக் கேட்காமல் வளர்ந்ததில்லை. அதன் விளைவு, கீழே நெம்பு வைத்த எந்தத் துப்பாக்கியும் இங்கே 'மார்ட்டினி-ஹென்றி' ஆகிவிடுகிறது. என்னிடம் அந்தப் பெயரோடு வரும் படங்களில் பாதிக்கு மேல் வேறு ஏதோ ஒன்றாகவே முடிகின்றன.

படைத்துப்பாக்கியின் உடம்பு வேறு, போட்டித் துப்பாக்கியின் உடம்பு வேறு. மார்ட்டினி-ஹென்றியில் முன்கட்டை குழலின் நுனிவரை ஏறத்தாழ ஓடிவரும். இரும்புப் பட்டைகள் இரண்டு கட்டையையும் குழலையும் இறுக்கியிருக்கும். அடியில் குழல் துடைக்கும் கம்பி செருகியிருக்கும். பின்குறி குழலின் மேல் ஏணிபோல் படுத்திருக்கும். உங்கள் படத்தில் இவற்றில் ஒன்றும் இல்லை. முன்கட்டை பாதிவழியிலேயே நின்றுவிடுகிறது, அதுவும் உள்ளங்கை நிறையும் அளவுக்குப் பருத்து. அதற்கு மேல் குழல் வெறுமையாக, பருமன் குறையாமல் நீள்கிறது. நுனியில் விரற்பூண் போன்ற சிறு குழாய் ஒன்று நிற்கிறது. அது முன்குறி, வெளிச்சம் பட்டுப் பளபளக்காமல் இருக்கச் சுற்றிலும் மறைப்பு வைத்தது. பின்குறியோ குழலின் மேல் இல்லை. அமைப்பின் பின்கோடியில், சுடுபவரின் கண்ணுக்கு மிக அருகில், பக்கவாட்டில் திருகிய ஒரு தாங்கியின் மேல் வட்டத் தட்டாக நிற்கிறது. போர்க்களத்துக்கு இப்படிப்பட்ட குறியோடு எவரும் போகமாட்டார். தரையில் குப்புறப் படுத்து, மூச்சை அடக்கி, அட்டையில் வரைந்த கறுப்பு வட்டத்தைச் சுடுபவருக்கு மட்டுமே அது பயன்படும். அந்தத் தாங்கி இவ்வகை மார்ட்டினிகளில் இடப்பக்கம்தான் பொருந்தும். ஆயாவின் முந்தானை சொன்னதை அதுவும் உறுதி செய்கிறது.

அளவையும் பார்த்துவிடலாம் என்றுதான் குத்துவிளக்கின் உயரத்தைக் கேட்டு எழுதினேன். நீங்கள் அனுப்பிய அளவு 61 செ.மீ. உங்கள் படியில் விளக்கு 44 மி.மீ. உயரம் வருகிறது, துப்பாக்கி, அடிக்கட்டையிலிருந்து குழல் நுனிவரை, 79 மி.மீ. விளக்கும் துப்பாக்கியும் திண்ணையின் ஒரே விளிம்பில், கேமராவுக்கு ஒரே தொலைவில் நிற்பதும், தாத்தா துப்பாக்கியைச் சாய்க்காமல் நேராகப் பிடித்திருப்பதும் நம் நல்ல காலம். சாய்ந்திருந்தால் இந்தக் கணக்கு பலிக்காது. படத்தின் ஒரு மில்லிமீட்டர் ஏறத்தாழ 1.39 செ.மீ.; ஆக, துப்பாக்கியின் நீளம் 109.5 செ.மீ. அளக்கும்போது ஒரு மில்லிமீட்டர் கூடக்குறைய இருந்தாலும் 108க்கும் 111க்கும் இடையில்தான் நிற்கும். பி.எஸ்.ஏ.வின் சிறுகுழல் மார்ட்டினி, 29 அங்குலக் குழலோடு, சுமார் 110 செ.மீ. மார்ட்டினி-ஹென்றி படைத்துப்பாக்கி சுமார் 124.5 செ.மீ.; அதுவாக இருந்திருந்தால் படியில் 90 மி.மீ. வந்திருக்கும். பதினொரு மில்லிமீட்டர் வேறுபாட்டைக் கைப்பிழை என்று தள்ள முடியாது. பிள்ளைகள் பள்ளிக்கூட அளவுகோலை வைத்தே இதைச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

உள்ளே போகும் தோட்டாவைச் சொன்னால் இரண்டுக்கும் உள்ள தூரம் இன்னும் விளங்கும். மார்ட்டினி-ஹென்றியின் ஈயக் குண்டு ஏறத்தாழ 31 கிராம்; .22 துப்பாக்கியின் குண்டு 2.6 கிராம். முன்னது தோளை இடித்துத் தள்ளும். பின்னது சுட்டால் பக்கத்து வீட்டுக்காரர் கதவை அடித்துச் சாத்தினார்களோ என்று நினைப்பார். ஆனாலும் இந்தச் சின்னத் துப்பாக்கியின் எடை சுமார் 9 பவுண்டு. கனத்த குழல் அசையாது என்பதற்காகவே அப்படிச் செய்தார்கள். ஆறு வயது அப்பாவின் கையில் கொடுக்காமல் தாத்தா தாமே பிடித்துக்கொண்டதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

பி.எஸ்.ஏ. இவ்வகையில் பலவற்றைச் செய்தது. முதல் உலகப் போருக்குச் சற்று முன் வந்த 12ஆம் எண் வகையின் முன்கட்டை ஒல்லியானது. பின்னர் 15ஆம் எண் வகை வந்தது. அது போட்டிக்காரர்களுக்கென்று கனமாகச் செய்தது. இரண்டின் கூறுகளையும் சேர்த்து 1930களின் பிற்பகுதியில் வந்ததே, பெயரிலேயே சொல்லிவிடும் 12/15. படத்தில் தெரியும் பருத்த முன்கட்டையை வைத்து இதையே முன்வைக்கிறேன். லண்டனுக்கு அருகே க்ரேஃபோர்டில் விக்கர்ஸ் நிறுவனமும் மார்ட்டினி அமைப்பில் .22 போட்டித் துப்பாக்கிகள் செய்தது. நிழலுருவில் அவை இவற்றுக்கு ஒன்றுவிட்ட சகோதரர்கள் போல் இருக்கும். பி.எஸ்.ஏ. என்று நான் சாய்வதற்குக் காரணம் படம் மட்டும் அன்று, அந்தப் புகையிலை டப்பாவும்தான்.

டப்பாவில் இருந்த கருவியை நீங்கள் நான்கு கோணங்களில் எடுத்து அனுப்பியது மிகவும் உதவிற்று. அதன் கையில் பொறித்திருக்கும் பெயர் 'பார்க்கர்-ஹேல்', ஊர் பர்மிங்காம். துப்பாக்கித் துணைக்கருவிகளுக்குப் பெயர்போன அந்த நிறுவனம் தொடக்கத்தில் ஏ.ஜி. பார்க்கர் என்ற பெயரில் இயங்கியது. பார்க்கர்-ஹேல் என்ற பெயர் 1930களில்தான் வருகிறது. எனவே 1899இல் எந்த அதிகாரியும் இதைப் பரிசளித்திருக்க முடியாது. பி.எஸ்.ஏ. 12/15 துப்பாக்கிகளே பார்க்கர்-ஹேல் குறிகளைப் பூட்டி விற்பனைக்கு வந்ததும் உண்டு.

கருவியை ஒருமுறை கையில் எடுத்துக்கொள்ளுங்கள். கண் வைக்கும் வட்டத் தட்டைச் சுற்றினால் அதில் அளவு மாறும் ஆறு துளைகள் வரும்; வெயில் நாளில் சிறு துளை, மப்பு நாளில் பெரிய துளை. மேலே இருக்கும் சக்கரம் குறியை ஏற்றி இறக்கும். பக்கத்தில் இருப்பது இடம் வலம் நகர்த்தும். மெல்லத் திருகினால் 'டிக், டிக்' என்று பல் விழும் ஒலி கேட்கும். இவ்வகைக் குறிகள் பலவற்றில் ஒரு 'டிக்' என்பது 100 கஜத் தொலைவில் குண்டு விழும் இடத்தைக் கால் அங்குலம் நகர்த்தும். கண்ணை மூடிக்கொண்டே ஒலியை எண்ணித் திருத்திக்கொள்ளும்படி செய்த வேலைப்பாடு அது; எண்பது ஆண்டுக்குப் பிறகும் உங்கள் கருவியில் பல் விழுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள், அதைப் படித்தபோது உண்மையாகவே மகிழ்ந்தேன்.

மூன்றாவது ஒளிப்படத்தில் வேறொன்றும் தெரிகிறது. துப்பாக்கியோடு கருவியைப் பிணைக்கும் திருகின் புரி முழுவதும் மழுங்கிப்போயிருக்கிறது. யாரோ மாறுதிருகு போட்டுப் பார்த்து, அதுவும் நிற்காமல் கைவிட்டிருக்கிறார்கள். காசு கொடுத்து வாங்கியவர் இதைச் சரிசெய்யக் கொடுத்திருப்பார். துப்பாக்கி சுடும் கழகத்தார் வேண்டாம் என்று ஒதுக்கியதைத்தான், எறிய மனம் வராத ஒருவர் வீட்டுக்கு எடுத்துவந்திருப்பார். ஆகவே படத்தில் துப்பாக்கியின் மேல் இருக்கும் குறியும் இதுவும் ஒரே வகை என்பேன். ஒரே பொருள் என்று சொல்லத் துணியமாட்டேன்.

அதைச் சுற்றியிருந்த துணியைப் பிள்ளைத்துணியோ என்று கேட்டிருந்தீர்கள். அன்று. அது ஃபிளானலெட் துணி; துப்பாக்கிக் குழல் துடைப்பதற்கென்றே சுருளாக விற்றது. குறுக்கே ஓடும் சிவப்பு நூல்கோடுகள் வெட்டுமிடத்தைக் காட்டுவன; கோட்டுக்குக் கோடு இரண்டு அங்குலம், அகலம் நான்கு அங்குலம். அதனால் அதற்கு 'ஃபோர் பை டூ' என்றே பெயர். உங்கள் துண்டில் ஐந்து கோடுகள் முழுதாக இருக்கின்றன, அதாவது வெட்டிப் பயன்படுத்தாத துணி. துப்பாக்கி துடைக்கும் வேலை இருந்த இடத்தில் புழங்கிய கை மட்டுமே அதை அந்த அளவில் கிழித்து எடுத்திருக்கும்.

இப்போது ஆயாவின் சொல்லுக்கு வருவோம். நீங்கள் ஊர்ப்பெயர் என்று நினைத்துத் தேடிய 'ரேஞ்சு', சுடுதளம். துப்பாக்கிக் கழகத்தார் அந்த இடத்தை வேறு எந்தப் பெயராலும் சொல்வதில்லை. சனிக்கிழமை பிற்பகல்தான் அவர்கள் கூடும் நேரம். அன்றைய தென்னாப்பிரிக்காவில் அந்தக் கழகங்களில் நம்மவர் உறுப்பினராக முடியாது. துப்பாக்கி உரிமமும் நமக்கு எளிதில் கிடைத்ததில்லை. ஆனால் 25 கஜம், 100 கஜம் தள்ளி இலக்கட்டைகளை மாட்டவும், சுட்டு முடித்ததும் கழற்றிவரவும், மண்மேட்டில் புல் வெட்டவும், ஆட்டம் முடிந்தபின் குழல்களைத் துடைத்து எண்ணெய் தடவி அலமாரியில் அடுக்கவும் ஆள் வேண்டுமே. வாரநாளில் கார்ப்பரேஷனுக்கு உழைத்தவர் சனிக்கிழமையில் இதைச் செய்து இரண்டு ஷில்லிங் சேர்த்துச் சம்பாதித்திருந்தால் அதில் வியப்பில்லை. டப்பா, துணி, மழுங்கிய திருகு, ஆயாவின் சொல் ஆகிய நான்கும் அந்தப் பக்கமே கைகாட்டுகின்றன. அப்பாவின் வயதைக் கொண்டு படம் 1947ஐ ஒட்டியது என்று கொண்டால், ஏதோ ஒரு நல்ல நாளில், கழகத்தில் இருந்த ஒருவர் நம்பிக் கொடுத்த துப்பாக்கி படத்துக்காக வீட்டுக்கு வந்து திரும்பியிருக்கலாம். துப்பாக்கி உங்கள் வீட்டில் ஏன் இல்லை என்பதற்கும் அது பொருந்துகிறது. இந்தப் பத்தி மட்டும் என் ஊகம். மேலே சொன்ன அளவும் உறுப்பும் போல் இதை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கொள்ளுத்தாத்தாவின் கதையை இதனால் கைவிட வேண்டியதில்லை. 1899 டிசம்பரில் நேட்டால் இந்தியர் ஆம்புலன்ஸ் படை அமைந்தபோது ஏறத்தாழ 1,100 பேர் சேர்ந்தார்கள்; அவர்களில் சுமார் 800 பேர் ஒப்பந்தக் கூலிகள். கொலென்சோவிலும் ஸ்பியன் கோப்பிலும் தூக்குக்கட்டில் சுமந்தார்கள். அவர்கள் கையில் ஆயுதம் இல்லை. அந்தப் போரில் பிரிட்டிஷ் காலாட்படையின் முதன்மைத் துப்பாக்கி .303 அளவு லீ-மெட்ஃபோர்டும் லீ-என்ஃபீல்டும். போயர்கள் கையில் மௌசர். சுமந்தது மெய்யாக இருக்கலாம். பரிசுத் துப்பாக்கி மட்டும் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. ஒரு தலைமுறையின் கதையும் அடுத்த தலைமுறையின் படமும் ஒரே சுவரில் தொங்கினால் இரண்டும் ஒன்றாகிவிடுவது இயல்பு. போதாக்குறைக்குக் குடியிருப்பின் பெயரே 'மேகசின்', வெடிமருந்துக் கிடங்கு.

போகிற போக்கில் ஒன்று. கொலென்சோவில் குண்டடிபட்டு இறந்தவர்களுள் பிரிட்டிஷ் படைத்தளபதி ராபர்ட்ஸ் பிரபுவின் மகனும் ஒருவர். அவரைக் களத்திலிருந்து சுமந்து வந்தது நம் படையே என்று காந்தி தம் நினைவுகளில் எழுதியிருக்கிறார். அதே ராபர்ட்ஸ் பிரபுதான் போருக்குப் பின், குடிமக்கள் எல்லாரும் குறிபார்த்துச் சுடப் பழக வேண்டும் என்று ஊர் ஊராகப் பேசி, 1901இல் தோன்றிய சிறுகுழல் கழகங்களின் சங்கத்துக்குப் பெருந்துணையாக நின்றார். அந்தக் கழகங்களின் தேவையால்தான் .22 மார்ட்டினிகள் பெருகின. உங்கள் வீட்டுக் கதைக்கும் தாத்தா கையில் இருக்கும் துப்பாக்கிக்கும் இப்படி ஒரு சுற்றுவழி உறவு இருக்கிறது. அதைச் சான்றாகச் சொல்லவில்லை. எனக்குப் பிடித்திருப்பதால் சொல்கிறேன்.

சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாக. தென்னாப்பிரிக்காவின் 2000ஆம் ஆண்டு 60ஆம் எண் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, குழலும் உள்ளமைப்பைத் தாங்கும் உடலும் தனித்தனியாக இருந்தாலும் துப்பாக்கியாகவே கருதப்படும். பின்குறி அப்படி அன்று. அதை அச்சமின்றி வைத்துக்கொள்ளலாம். ஆனால் டிரங்குப் பெட்டியின் அடியிலோ கூரை இடுக்கிலோ குழலோ நெம்பு வைத்த இரும்புப் பெட்டகமோ தோட்டாக்களோ கிடைத்தால், எடுத்துக்கொண்டு எங்கும் போகாமல், உங்கள் பகுதிக் காவல் நிலையத்தின் துப்பாக்கி அலுவலருக்குத் தொலைபேசியில் தெரிவித்து அவர் சொல்கிறபடி செய்யுங்கள். 'நூறு வயதுப் பழம்பொருள், அதற்கு எதற்கு உரிமம்' என்று உறவினர் யாரேனும் சொன்னால் கேட்காதீர்கள். இந்நாட்டுச் சட்டம் பழம்பொருள் என்று விலக்குவது, 1900 ஜனவரி 1க்கு முன் செய்த, குழல்வாய் வழியாக மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிகளையும் அவற்றின் மாதிரிகளையும் மட்டுமே. மார்ட்டினி-ஹென்றியே கிடைத்தாலும் அது பின்வழியாகத் தோட்டா இடுவது, விலக்கில் வராது.

பின்குறிக்கு எண்ணெய் ஒரு துளி போதும். உப்புத்தாள் கொண்டு தேய்த்துப் பளபளப்பாக்கிவிடாதீர்கள். அந்தக் கருநீல மேற்பூச்சு போனால் திரும்பாது. துணியைத் துவைக்க வேண்டாம். டப்பா, துணி, கருவி மூன்றையும் பிரிக்காமல் ஒரே இடத்தில் வைத்து, ஆயா சொன்ன அந்த ஒரு வரியையும் தாளில் எழுதி உடன் வையுங்கள். விற்பதானால் சேகரிப்பவர்கள் வாங்குவார்கள், ஆனால் திருகு மழுங்கியதால் பெரிய விலை வராது. உங்களுக்கு இருக்கும் மதிப்பு அவர்களுக்கு இருக்காது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். கூடத்தில் தொங்குவது பெரிதாக்கிய படி. அதில் துப்பாக்கி உடலின் பக்கவாட்டில் ஒரு மங்கிய கறை தெரிகிறது. பி.எஸ்.ஏ.வின் முத்திரை, மூன்று துப்பாக்கிகளை முக்காலிபோல் ஒன்றன்மேல் ஒன்று சாய்த்து நிறுத்திய உருவம்; அது பொறிக்கப்படும் இடத்தில்தான் கறையும் இருக்கிறது. பழைய நெகட்டிவ் அப்பாவின் பொருள்களுக்குள் இன்னும் இருந்தால், விரல் படாமல் ஓரத்தைப் பிடித்து எடுத்து, படக்கடையில் கொடுத்து அங்குலத்துக்கு 1200 புள்ளிக்குக் குறையாமல் ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். ஆயாவின் முந்தானை இடத்தோளில் விழுகிறதா என்று பார்த்துவிட்டே கடையை விட்டுக் கிளம்புங்கள்.